சூலகப் புற்றுநோய்: ரத்தப் பரிசோதனையில் கிடைக்காத பதில் நம் குடும்பத்தில் இருக்கிறது

லண்டனிலிருந்து விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களின் பட்டியலில் தவறாமல் இருக்கும் ஒரு வேலை 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்'. பல் டாக்டரைப் பார்ப்பது, கண்ணாடி மாற்றுவது, அப்புறம் ஒருநாள் காலையில் வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுப்பது. கொஞ்சம் கூடுதலாகப் பணம் கட்டினால், பெண்களுக்கான பேக்கேஜில் சி.ஏ.125 என்ற பரிசோதனையும் சேர்ந்து வரும். முடிவு 35க்குக் கீழே இருந்தால் 'நார்மல்'. பிளேஸ்டோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் எனக்குத் தெரிந்த அக்காக்கள் சிலர் அந்தத் தாளைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். "கேன்சர் இல்லைன்னு வந்துருச்சு தம்பி" என்கிறார்கள்.

அந்தத் தாள் அப்படிச் சொல்லவில்லை. அது என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நான் டாக்டர் இல்லை. சாஃப்ட்வேர் இன்ஜினியர். 2022இல் என் பெரியம்மாவுக்கு இந்த நோய் வந்த பிறகு, வீட்டில் ஆங்கிலத்தில் வரும் கடிதங்களைப் படித்துச் சொல்லும் பொறுப்பு என்மேல் விழுந்தது. அப்படிப் படிக்கத் தொடங்கியதில் தெரிந்துகொண்டதை, நம்மவர்களுக்குப் பயன்படும் அளவில் எழுதுகிறேன்.

பெயரிலேயே தொடங்கும் குழப்பம்

தமிழ்நாட்டில் சினைப்பை, கருமுட்டைப்பை என்கிறோம். இலங்கைத் தமிழர்கள் சூலகம் என்கிறார்கள். பேச்சில் மட்டும் எல்லாமே 'கர்ப்பப்பை கேன்சர்'தான். கர்ப்பப்பை வாய், கர்ப்பப்பை, சூலகம் மூன்றும் வேறு வேறு உறுப்புகள். மூன்றிலும் வரும் நோய்கள் வேறு, பரிசோதனை வேறு, சிகிச்சை வேறு.

இது வெறும் சொல் பிரச்சினை இல்லை. என்.எச்.எஸ். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடிதம் போட்டு அழைக்கும் 'ஸ்மியர் டெஸ்ட்' கர்ப்பப்பை வாய்க்கு உரியது. அது சூலகத்தைப் பார்ப்பதில்லை. "ஸ்மியர் கிளியரா வந்துடுச்சு, அதனால எல்லாம் ஓகே" என்று நினைத்து, வயிற்று உபாதையைத் தள்ளிப்போடும் பெண்கள் நிறையப் பேர்.

பிரிட்டனில் ஆண்டுக்குச் சுமார் 7,500 பெண்களுக்குச் சூலகப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. சுமார் 4,000 பேர் இறக்கிறார்கள். இந்தியாவில் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி புதிதாகப் பாதிக்கப்பட்டவர்கள் 47,000 பேர். முதல் நிலையிலேயே கண்டுபிடித்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். நான்காம் நிலையில் அது பதினைந்து பேர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்குத் தெரியவரும்போது நோய் மூன்றாம் நிலையையோ நான்காம் நிலையையோ எட்டியிருக்கும். அப்படியானால் எல்லாப் பெண்களுக்கும் வருஷாவருஷம் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாமே?

இரண்டு லட்சம் பெண்கள் தந்த பதில்

இந்தக் கேள்விக்கு விடை தேடிய மிகப் பெரிய ஆய்வு நடந்தது இதே பிரிட்டனில்தான். 2001 முதல் 2005 வரை 50 முதல் 74 வயதுக்குட்பட்ட 2,02,638 பெண்களைச் சேர்த்தார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் உஷா மேனன், இயன் ஜேக்கப்ஸ் ஆகியோர் முன்னின்று நடத்தினார்கள். பெண்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆண்டுதோறும் சி.ஏ.125 பார்த்து, அந்த எண் எப்படி மாறுகிறது என்பதைக் கணக்கிட்டு, தேவைப்பட்டால் ஸ்கேன். இன்னொரு குழுவுக்கு ஆண்டுதோறும் ஸ்கேன் மட்டும். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை, வழக்கமான வாழ்க்கை.

சராசரியாகப் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து, 2021 மே மாதம் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். ரத்தப் பரிசோதனைக் குழுவில் முதல் நிலையில் பிடிபட்ட நோய்கள் அதிகம். நான்காம் நிலை குறைவு. ஆனால் இறந்தவர்களின் எண்ணிக்கை? மூன்று குழுக்களிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஏமாற்றமான முடிவுதான். ஆனால் இருபது ஆண்டு உழைப்பு தோற்றுவிட்டது என்று மறைக்காமல் வெளியே சொன்னதே ஒரு பெரிய சேவை. நோயை முன்கூட்டிப் பார்ப்பதும் உயிரைக் காப்பாற்றுவதும் ஒன்றல்ல என்று அது காட்டியது. அதனால்தான் இன்றும் அறிகுறி இல்லாத, குடும்பத்தில் யாருக்கும் நோய் வராத பெண்களுக்குச் சூலகப் புற்றுநோய் ஸ்கிரீனிங் என்ற ஒன்று என்.எச்.எஸ்ஸில் இல்லை. காசை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் விளக்கம் தவறு.

சி.ஏ.125இன் இயல்பையும் சொல்லிவிடுகிறேன். முதல் நிலைப் புற்றுநோயில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்த எண் கூடியிருக்காது. மறுபக்கம், மாதவிடாய், எண்டோமெட்ரியோசிஸ், கர்ப்பப்பைக் கட்டி, ஈரல் நோய், நம் ஊரில் இன்னும் இருக்கும் வயிற்றுக் காசநோய் என்று பல காரணங்களால் கூடும். இங்கிலாந்தில் ஜி.பி.க்கள் பரிசோதித்த 50,780 பெண்களின் விவரங்களை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வில், எண் 35ஐத் தொட்ட அல்லது தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் சூலகப் புற்றுநோய் இருந்தது. ஐம்பது வயதைக் கடந்தவர்களில் அந்த விகிதம் கூடுதல். எனவே எண் குறைவு என்று நிம்மதி அடையவும் முடியாது, கூடுதல் என்று இடிந்து போகவும் தேவையில்லை. அறிகுறி இருக்கும்போது டாக்டர் கேட்டால் அது உதவும் கருவி. விடுமுறைப் பேக்கேஜில் அது வெறும் எண்.

வாய்வு இல்லை, வேறு ஏதோ

அப்படியென்றால் ஒன்றும் செய்ய முடியாதா? முடியும். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் சுதா சுந்தர் தலைமையிலான குழு 2024இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு நம்பிக்கை தந்தது. அறிகுறிகளோடு ஜி.பி.யிடம் போய், அங்கிருந்து அவசரப் பாதையில் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட 1,741 பெண்களைப் பார்த்தார்கள். அதில் 119 பேருக்கு மிக வேகமாகப் பரவும் வகைச் சூலகப் புற்றுநோய் இருந்தது. அந்த 119 பேரில் நாலில் ஒருவருக்கு நோய் இன்னும் முதல் இரண்டு நிலைகளிலேயே இருந்தது. பத்தில் ஆறு பேருக்கு, கண்ணுக்குத் தெரியும் கட்டி எதுவும் மிச்சம் இல்லாமல் அறுவை சிகிச்சை செய்ய முடிந்தது. 'அறிகுறி வந்தால் காலம் கடந்துவிட்டது' என்ற பழைய எண்ணம் முழு உண்மை அல்ல.

அறிகுறிகள் நான்கு. வயிறு உப்பி, இறங்காமலே இருப்பது. கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது. அடிவயிற்றிலோ இடுப்பிலோ வலி. அடிக்கடி, அவசரமாகச் சிறுநீர் வருவது. இவற்றில் ஏதாவது ஒன்று தொடர்ந்து, குறிப்பாக மாதத்தில் 12 தடவைக்கு மேல் வந்தால், அதிலும் ஐம்பது வயதைக் கடந்திருந்தால், ஜி.பி. இதைச் சோதிக்க வேண்டும் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான 'நைஸ்' 2011லேயே சொல்லியிருக்கிறது. ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாக 'இரிட்டபிள் பவல்' போன்ற தொந்தரவு வருவது அபூர்வம், அப்படி வந்தாலும் சூலகத்தைப் பாருங்கள் என்றும் சொல்லியிருக்கிறது.

படிக்க எளிதாக இருக்கிறது. நம் வீடுகளில் நடப்பது வேறு. வயிறு உப்பினால் ஓம வாட்டர். பசி எடுக்கவில்லை என்றால் "வயசாகுதுல்ல". அடிக்கடி பாத்ரூம் போனால் சர்க்கரை. எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடும் அம்மா, நாலு இட்லி சாப்பிடும் இடத்தில் ஒன்றோடு எழுந்துவிட்டால் யார் கவனிக்கிறார்கள்? பெரியம்மா ஏழு மாதம் வாய்வு மாத்திரை போட்டார். பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்ட வேண்டியிருக்கிறது என்று சொன்னது மருமகளிடம் மட்டும்தான். ஜி.பி.யிடம் போனபோது கூடப் போய் மொழிபெயர்த்தது அவர் மகன். மகன் முன்னால் மூத்திரம், மாதவிடாய் என்றெல்லாம் எப்படிப் பேசுவார்? "வயித்துல கொஞ்சம் கேஸ்" என்றார். அவனும் அப்படியே சொன்னான். கேஸுக்கே மருந்தும் வந்தது.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அம்மாவுக்காக நீங்கள் மொழிபெயர்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அப்பாயின்ட்மென்ட் போடும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர், அதுவும் பெண் வேண்டும் என்று கேட்கலாம். என்.எச்.எஸ்ஸில் அதற்குக் கட்டணம் இல்லை. பத்து நிமிட அப்பாயின்ட்மென்டில் எல்லாம் நினைவுக்கு வராது. எந்தெந்த நாள் வயிறு உப்பியது, எந்த நாள் சாப்பிட முடியவில்லை என்று காலண்டரில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு போங்கள். "இந்த மாசம் 16 நாள்" என்று சொல்லும்போது கிடைக்கும் கவனம் "அடிக்கடி" என்று சொல்லும்போது கிடைக்காது.

நோய் பிறக்கும் இடமே வேறு

ரத்தப் பரிசோதனை ஏன் தோற்றது என்பதற்கு ஒரு காரணம் இப்போது ஓரளவு புரிந்திருக்கிறது. பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும், வேகமாகப் பரவும் வகை, பெரும்பாலும் சூலகத்தில் தொடங்குவதே இல்லை. அதற்குப் பக்கத்தில் இருக்கும் கருக்குழாயின் விரல் போன்ற நுனியில் தொடங்குகிறது. அங்கே சில செல்கள் கெட்டு, உதிர்ந்து, சூலகத்தின் மேலும் வயிற்று உறையின் மேலும் போய் ஒட்டிக்கொள்கின்றன. பெரிய கட்டி உருவாகும் முன்பே நோய் வயிற்றுக்குள் பரவியிருக்கலாம். ஸ்கேனில் தெரியும் அளவுக்கு வளரும்வரை அது காத்திருப்பதில்லை.

இந்தப் புரிதல் தடுக்கும் வழியையும் மாற்றிவிட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2010 முதல், வேறு காரணத்துக்காகக் கர்ப்பப்பையை எடுக்கும்போதோ குடும்பக் கட்டுப்பாடு செய்யும்போதோ, இனிக் குழந்தை வேண்டாம் என்ற பெண்களுக்குக் கருக்குழாயையும் முழுதாக எடுத்துவிடலாமா என்று கேட்கத் தொடங்கினார்கள். சூலகம் அப்படியே இருக்கும், ஹார்மோனும் தொடரும். 2022இல் வெளியான கணக்குப்படி, அப்படி எடுத்துக்கொண்ட பெண்களில் ஐந்து பேருக்காவது இந்த வகை நோய் வந்திருக்க வேண்டும். ஒருவருக்கும் வரவில்லை. எண்ணிக்கை சிறியது, இன்னும் பல ஆண்டுகள் பார்க்க வேண்டும். ஆனாலும் திசை தெரிகிறது. நம் ஊரில் நாற்பது வயதில் 'கர்ப்பப்பை எடுத்துட்டேன்' என்று சொல்லும் பெண்கள் அதிகம். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்கள் "கருக்குழாயை என்ன செய்யப் போறீங்க டாக்டர்?" என்று ஒரு கேள்வி கேட்டுவைப்பது நல்லது.

பிளேஸ்டோவில் நான் வசிக்கும் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில் நியூஹாம் பல்கலைக்கழக மருத்துவமனை இருக்கிறது. அது பார்ட்ஸ் ஹெல்த் அமைப்பைச் சேர்ந்தது. கிழக்கு லண்டனிலேயே உள்ள குயீன் மேரி பல்கலைக்கழகத்தின் ரஞ்சித் மன்சந்தா தலைமையில் 'புரொடெக்டர்' என்ற ஆய்வு நடக்கிறது. பரம்பரை ஆபத்து உள்ள பெண்களுக்கு முதலில் கருக்குழாயை மட்டும் எடுத்துவிட்டு, சூலகத்தைப் பிறகு எடுத்தால் போதுமா என்று பார்க்கிறார்கள். இளவயதிலேயே மாதவிடாய் நின்று அவதிப்படுவதைத் தள்ளிப்போட முடியுமா என்பதே கேள்வி.

ஒரே பிழை, இரண்டு இனங்கள்

பரம்பரை என்றதும் பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களுக்கு வர வேண்டும். இவை உடலில் மரபணு இழை அறுந்தால் ஒட்டுப்போடும் வேலையைச் செய்பவை. இதில் பிறவியிலேயே பிழை இருந்தால் மார்பகப் புற்றுநோயும் சூலகப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு கூடும். பொதுவாக ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் சூலகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே. பி.ஆர்.சி.ஏ.1 பிழை இருந்தால் எண்பது வயதுக்குள் நூற்றுக்கு 44. பி.ஆர்.சி.ஏ.2 என்றால் 17. ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி 2015இல் சூலகங்களையும் கருக்குழாய்களையும் எடுத்துக்கொண்டது இந்தக் காரணத்தால்தான். அவருடைய அம்மா இந்த நோயில் இறந்தவர்.

யூத மக்களிடம் இந்தப் பிழை நாற்பதில் ஒருவருக்கு இருக்கிறது. அதனால் 2024இல் இங்கிலாந்தில் என்.எச்.எஸ்., குடும்பத்தில் நோய் வரலாறு இல்லாவிட்டாலும், யூத வம்சாவளியினருக்கு வீட்டுக்கே எச்சில் சேகரிக்கும் குப்பி அனுப்பிப் பரிசோதித்தது. அவர்களிடம் பரவலாக இருக்கும் பிழைகளில் ஒன்றுக்கு '185 டெல் ஏஜி' என்று பெயர். பி.ஆர்.சி.ஏ.1இல் இரண்டே இரண்டு எழுத்துகள் விட்டுப்போன பிழை.

அதே பிழை நம்மிடமும் இருக்கிறது. தென்னிந்தியாவில் குடும்ப வரலாறு உள்ள 61 மார்பக, சூலகப் புற்றுநோயாளிகளைப் பரிசோதித்து 2009இல் வெளியான ஆய்வில் 10 பேருக்கு இதே 185 டெல் ஏஜி இருந்தது. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவன ஆய்வாளர்களும் தென்னிந்தியக் குடும்பங்களில் இதைக் கண்டிருக்கிறார்கள். யூதர்களிடமிருந்து வந்ததா என்று உடனே கேட்கத் தோன்றும். ஒரு இந்தியக் குடும்பத்தை ஆராய்ந்து 2007இல் வெளியான கட்டுரை, அது தனியாகவே தோன்றியது என்கிறது. 2018இல் வெளியான இன்னொரு ஆய்வில், டாக்டர்கள் சந்தேகப்பட்டு அனுப்பிய 1,010 இந்திய நோயாளிகளில் சுமார் 30 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பரம்பரைப் பிழை இருந்தது.

இதை வைத்துத் தமிழர் எல்லாருக்கும் ஆபத்து என்று பயமுறுத்தக் கூடாது. இவை நோயாளிகளிடமும் நோய் உள்ள குடும்பங்களிடமும் செய்த ஆய்வுகள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். யூதர்களுக்கு அவர்களின் வம்சாவளியே கதவைத் திறந்துவிட்டது. 2024இல் நைஸ் வெளியிட்ட பரம்பரைச் சூலகப் புற்றுநோய் வழிகாட்டியில் வம்சாவளியை மட்டும் வைத்துப் பரிசோதிக்கச் சொல்லும் மக்கள் பட்டியலில் நாம் இல்லை. நமக்கு அந்தக் கதவைத் திறக்கும் சாவி ஒன்றுதான்: குடும்பத்தில் யாருக்கு என்ன வந்தது என்ற தகவல். அதைத்தான் நாம் மறைத்து வைத்திருக்கிறோம்.

"இந்த நேரத்துல இதெல்லாம் பேசாத மாப்ள"

பெரியம்மாவிடம் கேன்சர் டாக்டர் கேட்டார், குடும்பத்தில் வேறு யாருக்காவது? "யாருக்கும் இல்லை" என்றார். பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நல்ல வேளையாக, இந்த வகை நோய் உறுதியானால் குடும்ப வரலாறு இல்லாவிட்டாலும் மரபணுப் பரிசோதனை செய்வது இங்கே வழக்கம். பி.ஆர்.சி.ஏ.1 பிழை இருப்பதாக வந்தது.

அதற்குப் பிறகு தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கும் உறவுகளுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டேன். தாத்தாவின் தங்கை நாற்பத்தாறு வயதில் 'வயித்துல தண்ணி கட்டி' இறந்தாராம். ஈரல் நோய் என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய மகளுக்கு 'நெஞ்சுல புண்ணு', வெளியே சொல்லாமலே போய்விட்டார். தாத்தா எண்பத்து நாலு வயது வரை கேன்சர் எதுவும் இல்லாமல் வாழ்ந்தார். பிழை அவர் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். ஆண்களுக்குச் சூலகம் இல்லையே தவிர, பிழையைப் பெறுவதிலும் கொடுப்பதிலும் அவர்கள் சமம். ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, பாதிக்குப் பாதி வாய்ப்பு. அம்மா வழியை மட்டும் கேட்டுவிட்டு அப்பா வழியை விட்டுவிடுவது நாம் செய்யும் பெரிய தவறு. அத்தைகளைக் கேளுங்கள். பி.ஆர்.சி.ஏ. பிழை உள்ள ஆண்களுக்கு, அதிலும் பி.ஆர்.சி.ஏ.2 உள்ளவர்களுக்கு, புராஸ்டேட், கணையம், ஆண் மார்பகம் ஆகியவற்றில் புற்றுநோய் ஆபத்து கூடும்.

நான் பரிசோதனை செய்துகொண்டேன். எனக்குப் பிழை இல்லை. என் மகளுக்கு என் வழியாக அது போகாது. ஆனால் என் முடிவை வைத்து அம்மாவுக்கும் இல்லை என்று சொல்ல முடியாது. அம்மாவுக்கு இருந்து எனக்கு வராமல் போயிருக்கலாம். அப்படியானால் கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கைக்கு வந்திருக்கலாம். அம்மா இன்னும் பரிசோதனை செய்துகொள்ளவில்லை. "இத்தனை வயசுக்கு மேல தெரிஞ்சு என்னடா பண்ணப் போறேன்" என்கிறார். அவருக்காக இல்லை, தங்கைக்காக என்று சொன்னால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

மாமா நேரடியாகவே சொன்னார். "பொண்ணுக்கு வரன் பார்த்துக்கிட்டு இருக்கோம். இந்த நேரத்துல ஊர்ல இதெல்லாம் பேசாத மாப்ள." அவர் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அவர் யாருக்காக மறைக்கிறாரோ, இந்தத் தகவல் அந்தப் பெண்ணுக்குத்தான் முதலில் தேவை. பி.ஆர்.சி.ஏ.1 உள்ள பெண்களுக்கு 35 வயதிலிருந்தே தடுப்பு அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம் என்று நைஸ் சொல்கிறது. பி.ஆர்.சி.ஏ.2 என்றால் 40 வயதிலிருந்து. அதற்கு முன் குழந்தை பெற்றுக்கொள்வது எப்போது, மார்பகத்தை ஆண்டுதோறும் எப்படிக் கண்காணிப்பது என்றெல்லாம் திட்டமிட அவளுக்கு நேரம் வேண்டும். தெரிந்தால் வழி உண்டு. தெரியாவிட்டால் அவளுக்கும் ஏழு மாதம் வாய்வு மாத்திரைதான்.

இலங்கைத் தமிழ்க் குடும்பங்களில் இந்த வரலாறு வேறு விதத்தில் தொலைந்திருக்கிறது. இடப்பெயர்வில் ஆவணங்கள் போய்விட்டன. உறவுகள் டொராண்டோ, பாரிஸ், சென்னை என்று சிதறிக் கிடக்கிறார்கள். போரில் இளவயதிலேயே இறந்துபோன பெண்கள் பலர். அவர்கள் வாழ்ந்திருந்தால் நோய் வந்திருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. 'எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்லை' என்பது அந்தக் குடும்பங்களில் முழுத் தகவல் ஆகாது. இதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பரிசோதனை பற்றி இரண்டு சந்தேகங்கள் எல்லாரும் கேட்கிறார்கள். ஒன்று இன்ஷூரன்ஸ். பிரிட்டனில் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் அரசுக்கும் உள்ள உடன்பாட்டின்படி, நோய் வருவதற்கு முன்பு செய்த பி.ஆர்.சி.ஏ. பரிசோதனையின் முடிவைச் சொல்லும்படி அவர்கள் கேட்க முடியாது. குடும்ப நோய் வரலாற்றைக் கேட்கலாம். இரண்டாவது, சிலருக்கு 'பொருள் தெரியாத மாற்றம்' என்று முடிவு வரும். உலக மரபணுத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது என்பதால் நம்மவர்களுக்கு இப்படி வருவது கூடுதல். அது பிழை என்று அர்த்தம் இல்லை. அதை வைத்து அறுவை சிகிச்சைக்கு ஓடவும் கூடாது.

மாத்திரையாக வந்த ஆராய்ச்சி

இந்தப் பிழையைத் தெரிந்துகொள்வதால் நோயாளிக்கே ஒரு நன்மை உண்டு. என் தொழில் மொழியில் சொன்னால், ஒரு டேட்டா சென்டருக்கு மெயின் கரண்டும் இருக்கும், ஜெனரேட்டரும் இருக்கும். உடம்பின் செல்லில் பி.ஆர்.சி.ஏ. மெயின் என்றால், 'பார்ப்' என்ற நொதி ஜெனரேட்டர். பி.ஆர்.சி.ஏ. கெட்டுப்போன புற்றுநோய் செல் ஜெனரேட்டரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அணைத்தால் அது செத்துவிடும். நல்ல செல்களில் மெயின் இருப்பதால் தாக்குப்பிடிக்கும். லண்டன் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் குழு ஒன்றும் ஷெஃபீல்டைச் சேர்ந்த குழு ஒன்றும் 2005இல் 'நேச்சர்' இதழில் இதைத் தனித்தனியே எழுதின.

அதிலிருந்து வந்த மாத்திரைதான் ஓலபரிப். கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்பட்ட, பி.ஆர்.சி.ஏ. பிழை உள்ள, முற்றிய நிலைப் பெண்கள் 391 பேரிடம் 'சோலோ 1' ஆய்வில் கொடுத்துப் பார்த்தார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, மாத்திரை எடுத்தவர்களில் 67 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 46.5 சதவீதம். களைப்பு, குமட்டல், ரத்தசோகை வரும், அபூர்வமாக ரத்தப் புற்றுநோயும் வரக்கூடும். பெரியம்மா கீமோ, அறுவை சிகிச்சை, மறுபடி கீமோ எல்லாம் முடித்து இரண்டு ஆண்டுகள் இதை எடுத்தார். 2025இல் நிறுத்தினார்கள். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கிறார்கள். அந்த வாரம் வீட்டில் யாருக்கும் சரியாகத் தூக்கம் வராது.

மரபணுப் பிழையோ அதைப் போன்ற பழுதோ இல்லாதவர்களுக்கு இந்த மாத்திரைகளின் பலன் குறைவு. மருந்துக்குக் கட்டுப்படாமல் திரும்பி வரும் நோய்க்கு இப்போது வேறு வழிகள் வருகின்றன. செல்லின் மேலுள்ள ஃபோலேட் ஏற்பியைத் தேடிப் போய் மருந்தை இறக்கும் மிர்வெடுக்ஸிமாப், 'மிராசோல்' ஆய்வில் சராசரி ஆயுளை 12.75 மாதத்திலிருந்து 16.46 மாதமாகக் கூட்டியது. அமெரிக்காவில் 2024இல் முழு ஒப்புதல் பெற்றது. இந்த நோயில் பல ஆண்டுகள் பலன் தராத நோயெதிர்ப்பு மருந்து, வாராந்திரக் கீமோவுடன் சேர்த்துக் கொடுத்தபோது ஆயுளைச் சில மாதங்கள் கூட்டியதாக 2025 அக்டோபரில் பெர்லின் மாநாட்டில் அறிவித்தார்கள். சில மாதங்கள்தானா என்று வெளியே இருப்பவர்கள் கேட்கலாம். பேரனின் பிறந்தநாளை எண்ணிக்கொண்டிருக்கும் வீட்டில் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

'ஆக்ஸ்ஃபோர்டில் தடுப்பூசி வந்தாச்சு' என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. வரவில்லை. அகமது அகமது தலைமையில் அந்த முயற்சிக்கு 2024இல் ஆறு லட்சம் பவுண்டு வரை நிதி ஒதுக்கியிருக்கிறார்கள். ஆய்வுக்கூட நிலையில் இருக்கிறது. மருத்துவமனைக்கு வர இன்னும் வெகுதூரம்.

என்ன செய்யலாம்?

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டி இரண்டு பக்கமும், அவர்களின் உடன்பிறந்தவர்கள், பெரியப்பா, சித்தி, அத்தை, மாமா, அவர்கள் பிள்ளைகள். சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பம் என்றால் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும், பரவாயில்லை. ஒவ்வொருவருக்கும் மூன்று கேள்விகள்: என்ன நோய், எந்த வயதில், யார் சொன்ன தகவல். 'வயித்துக் கட்டி', 'தண்ணி கட்டினது', 'நெஞ்சுப் புண்' என்று அவர்கள் சொன்ன சொல்லையே எழுதுங்கள். டாக்டருக்கு அதுவே போதும். ஐம்பது வயதுக்குள் மார்பகப் புற்றுநோய், எந்த வயதிலும் சூலகப் புற்றுநோய், ஆண்களுக்கு மார்பகப் புற்றுநோய் என்று ஏதாவது தென்பட்டால் ஜி.பி.யிடம் அந்தத் தாளோடு போய், மரபணு ஆலோசனைக்கு அனுப்பும்படி கேளுங்கள். குடும்பத்தில் ஒருவருக்குப் பிழை உறுதியாகியிருந்தால் அந்தக் கடிதத்தின் பிரதியை எல்லா உறவுகளுக்கும் அனுப்புங்கள். சென்னையிலோ டொராண்டோவிலோ இருக்கும் டாக்டர் எந்தப் பிழையைத் தேட வேண்டும் என்பது அதில் இருக்கும்.

ஊருக்குப் போன் பேசும்போது மழை பெய்ததா, தங்கம் என்ன விலை என்று கேட்கிறோம். அப்படியே இதையும் கேளுங்கள். எழுபது, எண்பது வயதில் இருக்கும் பெரியவர்களுக்குத்தான் இந்தப் பதில்கள் தெரியும். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.